இரண்டு முழுசு, ஒன்று அரை

1

இந்தக் கதையை என்னிடம் கேட்டவள் கதை கேட்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். நாலு வரி வரவில்லை, கதை வருகிறது. கேட்டதைக் கொடுக்க வக்கில்லாதவன் கேட்காததைக் கொடுத்துப் பெருந்தன்மை காட்டுவான் அல்லவா, நான் அந்த ஜாதி.

நான் எம்ப்ராய்டரி மிஷின் மெக்கானிக். கள்ளக்குறிச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒன்பது யூனிட்டுகளில் மிஷின் மக்கர் செய்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற நேரத்தில் கதை எழுதுகிறேன். ஏழெட்டுக் கதைகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. யூனிட்டுகளில் யாருக்கும் இது தெரியாது.

அவள் பெயரைச் செவ்வந்தி என்று வைத்துக்கொள்கிறேன். வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஓடுகிற மிஷினில் ஊசி ஒடிந்து தெறித்து அவளுடைய வலது கண் போயிற்று. அவளே ஹூக் ஸ்க்ரூவைத் தளர்த்தி மிஷினையும் கெடுத்து, கண்ணையும் கெடுத்துக்கொண்டாள் என்பதுதான் கள்ளக்குறிச்சியில் எல்லா யூனிட்டும் நம்புகிற செய்தி. அதற்குப் பிறகு அவளை யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. மலையிலிருந்து வருகிற மற்றப் பெண்களையும் நூல் வெட்ட விடுவார்களே தவிர மிஷின் பக்கம் விடுவதில்லை. இப்போது சின்னசேலத்தில் ராணியம்மாள் என்பவர் புதிதாக இரண்டு மிஷின் போடுகிறார். ஆபரேட்டருக்கே டைமிங் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். செவ்வந்திக்குத் தெரியும். ஆனால் பழைய செய்தி ராணியம்மாள் காதுக்கும் போயிருக்கிறது. ஸ்க்ரூவைத் தளர்த்தியது நீ இல்லை என்று தெரிந்தவர்கள் யாராவது எழுதிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறேன், மாதக் கடைசித் திங்கட்கிழமை வரை பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார்.

அப்படி எழுதிக் கொடுக்கக்கூடிய ஆள் ஒருவன்தான் இருக்கிறான். ஸ்க்ரூவைத் தளர்த்தியவன். அவன் நான்.

பாருங்கள், முதல் பகுதியிலேயே போட்டு உடைத்துவிட்டேன். எவ்வளவு தைரியசாலி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் சொல்வது சுலபம். உங்களிடம் மிஷின் இல்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ‘கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், கச்சிராயபாளையம் வழியாகக் கீழே வரும் முதல் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் ஒரு பெண்—’

அடித்துவிட்டேன். அது மே மாதக் கடைசி. மேகமாவது மண்ணாங்கட்டியாவது. மலை என்று எழுதியவுடன் மேகத்தைப் போட்டுவிடுவது கீழே இருக்கிறவர்களுக்கு ஒரு வியாதி. திங்கட்கிழமைகளில் மலையிலிருந்து இறங்கும்போது அவள் ஜன்னலோரத்தில் உட்காரவும் மாட்டாள். வளைவுகளில் குமட்டும் என்று முன்னால் எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்து டிரைவரோடு வாயாடிக்கொண்டு வருவாள்.

இரண்டாவது: ‘கண் என்பது—’

இதற்கு மேல் எழுதவில்லை. எழுதியிருந்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது: ‘மெக்கானிக் பிச்சைமுத்து நேர்மையானவன்.’ இது இரண்டு பக்கம் தங்குதடையில்லாமல் ஓடியது. பிச்சைமுத்து என்று ஓர் ஆளை உண்டாக்கி, அவனுக்கு நோயாளி மனைவியைக் கொடுத்தேன். ஒழுகுகிற கூரையைக் கொடுத்தேன். அவன் எதைச் செய்தாலும் படிக்கிறவர்கள் பாவம் என்று விட்டுவிடுகிற அளவுக்குக் கஷ்டத்தை அவன் தலையில் கொட்டினேன். எனக்கு அவ்வளவு கஷ்டமெல்லாம் கிடையாது. என் மனைவி கல்லுக்குண்டாட்டம் இருக்கிறாள், வீடு ஒழுகாத மெத்தை வீடு. பிச்சைமுத்துவைக் கிழித்துப் போட்டேன்.

3

வேலையைச் சொல்லாமல் கதை நகராது. சுருக்கமாகச் சொல்கிறேன். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் பிறகு எனக்குப் புரியவில்லை என்று வரக் கூடாது.

முதலாளி பெயர் தங்கதுரை என்று இருக்கட்டும். அவர் யூனிட்டில் இருப்பது பன்னிரண்டு ஹெட் மிஷின். ஒரே படத்தைப் பன்னிரண்டு துணியில் ஒரே நேரத்தில் தைக்கும். ஒவ்வொரு ஹெட்டிலும் மேலே ஊசி, கீழே தகட்டுக்கு அடியில் ஹூக். ஊசி நூலோடு அடிவரை இறங்கி, ஒரு மயிரிழை மேலே ஏறும்போது நூல் அதன் பின்னால் சின்னக் கண்ணியாக உப்பும். சுற்றி வருகிற ஹூக்கின் மூக்கு அதே நொடியில் அங்கே வந்து அந்தக் கண்ணியைக் கவ்வ வேண்டும். முந்தினால் கண்ணி உண்டாகியிருக்காது, பிந்தினால் கலைந்திருக்கும். இரண்டிலும் தையல் விடும். டைமிங் என்பது இதுதான்.

அப்புறம் கேப். மூக்குக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி வேண்டும். கூடினால் தையல் விடும். குறைந்தால் மூக்கு ஊசியை உரசும், நேராக இடித்தால் ஊசி ஒடியும். தாள் கனம் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து நடுவில் விட்டுத்தான் பார்ப்போம்.

ஹூக்கைத் தண்டின்மேல் பிடித்து நிறுத்துவது மூன்று ஸ்க்ரூ. மிஷினைக் கையால் உருட்டி டயலில் இருநூறு டிகிரி பக்கத்தில் நிறுத்தி, மூன்றையும் தளர்த்தி, ஹூக்கைத் திருப்பி வைத்து, மறுபடி இறுக்க வேண்டும். தளர்த்துவதில் ஆளுக்கொரு கைப்பழக்கம் உண்டு. நான் இரண்டை முழுசாகத் தளர்த்துவேன், மூன்றாவதை அரைச் சுற்று. செவ்வந்தி மூன்றையும் சமமாகக் கால் சுற்று மட்டும் தளர்த்துவாள். ஹூக் தானாக நகராது, தள்ளினால் மட்டும் நகரும். என்னுடையதைவிட நல்ல முறை அது. நான் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கேட்டபோது, உனக்கெதற்கு இதெல்லாம், நூலைப் பார் என்றுதான் சொன்னேன்.

இன்னொன்று. ஒரு ஹெட்டை மட்டும் சுவிட்சில் அணைத்து வைக்கலாம். அதன் ஊசி இறங்காது. ஆனால் கீழே ஹூக் மற்ற ஹெட்டுகளோடு சேர்ந்து சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

(இந்த இடத்தில் ஹூக்கை வாழ்க்கையோடோ எழுத்தோடோ ஒப்பிட்டு நாலு வரி போடக் கை பரபரக்கிறது. மாட்டேன். ஹூக் ஹூக்தான்.)

4

செவ்வந்தி எனக்கு அடங்கவில்லை. பாத்திரமாகச் சொல்கிறேன்.

முதல் பிரதியில் அவளை வாயில்லாப் பூச்சியாக எழுதினேன். குனிந்த தலை, கிழிந்த தாவணி, நடுங்கும் விரல். பரிதாபம் வருவதற்கு இதைவிடக் குறுக்குவழி கிடையாது. உண்மையில் அவள் வாய் ஓயாது. அறுகிற நூலை அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாள். மதியம் எல்லார் டப்பாவிலிருந்தும் ஊறுகாய் எடுத்துக்கொள்வாள். பத்தாவது வரை படித்திருந்தாள். வாரத்தில் ஆறு நாள் கச்சிராயபாளையத்தில் அத்தை வீட்டில் தங்கல், ஞாயிற்றுக்கிழமை மலை. வேலை செய்யும்போது என் மூஞ்சி போகிற கோணலைப் பார்த்து நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பாள்.

ஒருமுறை மூன்றாவது ஹெட்டில் தையல் விட்டபோது நான் போய்ச் சேர்வதற்குள் அவளே டைமிங்கைச் சரிசெய்து ஓடவிட்டிருந்தாள். நான் தாளை விட்டுப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. இனிமேல் உன்னைக் கூப்பிட வேண்டியதில்லை போலிருக்கிறதே என்று தங்கதுரை சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகிறவரை அந்தச் சிரிப்பு வாயில் கசந்துகொண்டே இருந்தது.

* மேலே உள்ள பத்தியை இரண்டு பிரதிகளில் நீக்கியிருந்தேன். இப்போது திரும்பச் சேர்த்ததற்குக் காரணம் நேர்மை இல்லை. இது இல்லாவிட்டால் பின்னால் நான் சொன்ன பொய் வெறும் பயமாகத் தெரியும். அதில் பயம் மட்டும் இல்லை.

5

2016 மே 27, வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடங்கள் திறக்க நாலைந்து நாள் இருந்தது. சட்டைப் பையில் வைத்துத் தைக்கிற பள்ளிச் சின்னம், மூவாயிரம் துண்டு அன்று முடிய வேண்டும். ஏழாவது ஹெட்டில் தையல் விட்டது. போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து இருபது.

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அந்த நேரத்தில் தங்கதுரை மிஷினைப் பிரிக்க விடமாட்டார். ஓடுகிற மிஷின் ஓடலாம், நடக்கிற வேலை நடக்கலாம், புதிதாகக் கை வைக்கக் கூடாது. ஆனால் இதற்கு ஒரு சந்து உண்டு. ஊருக்குப் போகிறவர்கள் நல்ல நேரத்தில் பையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிறகு சாவகாசமாகக் கிளம்புவார்களே, பரஸ்தானம், அதை நாங்கள் ரிப்பேருக்கும் செய்வோம். பத்தரைக்குள் ஒரு ஸ்க்ரூவில் திருகுகிற கீயைப் போட்டுக் கொஞ்சம் அசைத்து, திரும்ப இறுக்கி விட்டுவிட்டால் வேலை நல்ல நேரத்தில் தொடங்கியதாகிவிடும். எப்போது வந்து முடித்தாலும் தோஷம் இல்லை. இதற்குத் ‘தொட்டுவைப்பது’ என்று பெயர்.

தங்கதுரை என்னைக் கேட்டார். அரை மணி மிஷினை நிறுத்தினால் இப்போதே முடித்துவிடுவாயா, இல்லை தொட்டுவைத்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் வந்து முடிக்கிறாயா என்று. நான் தொட்டுவைக்கிறேன் என்றேன். அவருக்கும் அதுதான் வேண்டும். அரை மணி என்பது அவருக்குப் பெரிது.

பத்து இருபத்தெட்டுக்குத் துண்டு மாற்ற மிஷின் நின்றது. குனிந்து ஏழாவது ஹூக்கில் கீயைப் போட்டேன். ஒன்றை அசைத்தால் போதும். என் கை அதன் பழக்கத்துக்குப் போயிற்று. இரண்டை முழுசாக, ஒன்றை அரை. திரும்ப இறுக்கவில்லை. எப்படியும் பன்னிரண்டுக்கு வந்து தளர்த்தத்தானே போகிறோம் என்று நினைத்தேன். ஏழாவது ஹெட்டின் சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்தேன். மூலையில் நூல் வெட்டிக்கொண்டிருந்த அமிர்தம் நான் குனிந்ததையும் எழுந்ததையும் பார்த்தாள். செவ்வந்தி நூல் எடுக்க உள்ளறைக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரை நான் நிற்கவில்லை.

ஏழாவதைப் போடாதே, லூஸாக இருக்கிறது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லிப் பாருங்கள். நான் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பதினொன்று இருபதுக்குத் தங்கதுரை பொறுமை இழந்தார். பதினொரு துண்டு பதினொரு துண்டாகப் போனால் முடியாது, ஏழாவதையும் போடு, விட்ட தையலைக் கையால் போட்டுக்கொள்ளலாம் என்றார். மெக்கானிக் அதில் கை வைத்தாரா என்று செவ்வந்தி கேட்டிருக்கிறாள். தொட்டுவைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றார் அவர். தொட்டுவைத்தால் இறுக்கித்தான் வைத்திருப்பார்கள். அதை நம்பி அவள் சுவிட்சைப் போட்டாள்.

ஐம்பது நிமிஷமாக அந்த ஹூக் ஊசியில்லாமல் சுற்றிச் சுற்றித் தன் இடத்தைவிட்டு நகர்ந்திருந்தது. உரசுகிற சத்தம் கேட்டு, எந்த ஹெட் என்று பார்க்க அவள் குனிந்தாள். நல்ல ஆபரேட்டர் யாராக இருந்தாலும் குனிந்திருப்பாள். குனிந்தபோது ஊசி ஒடிந்தது.

6

நான் திரும்பி வந்தபோது பன்னிரண்டு ஐந்து. அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பன்னிரண்டு சட்டத்திலும் சின்னம் பாதியில் நின்றிருந்தது. தங்கதுரை டார்ச் லைட் அடித்து ஏழாவது ஹூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி எல்லாரும் நின்றார்கள்.

“நீ தொட்டு இறுக்கிட்டுத்தான போன?”

கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுத்தார். எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

“ஆமாங்க. இறுக்கிட்டுத்தான் போனேன்.”

“ரெண்டு முழுசா லூஸா கீது, ஒண்ணு அரை. அப்ப யாரு கை வச்சது?” அவரே சொன்னார். “உன்ன வுட்டா இதுல டைமிங் வைக்கத் தெரிஞ்சது அந்த மலப் பொண்ணு ஒண்ணுதான்.”

நான் மறுத்துப் பேசவில்லை. அவள் வேலை தெரிந்தவள் என்பதை நான் முதல்முதலாக ஒப்புக்கொண்டது அந்த இடத்தில்தான், வாயைத் திறக்காமல்.

(அமிர்தம் பார்த்தாளே, அவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். ரொம்ப ஆவேசமாக வந்திருந்தது. நாள்கூலிக்கு நூல் வெட்டுகிறவளிடம் எனக்கில்லாத தைரியத்தைக் கேட்டு ஒன்றரைப் பக்கம். அதை எடுத்துவிட்டேன்.)

7

எங்கே போனாய், ஏன் போனாய் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. வாசகர்கள் நல்லவர்கள். முந்தின பிரதியில், டீ குடிக்கப் போனேன் என்று ஒரு வரியில் தாண்டியிருந்தேன்.

டீ இல்லை. அன்று காலையில் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு பத்திரிகை வாங்கியிருந்தேன். என் முதல் கதை அதில் வந்திருந்தது. பைக்குள் அது இருக்கும்போது எனக்குக் கை கால் நிலைகொள்ளவில்லை. அதற்காகத்தான் தொட்டுவைக்கிறேன் என்றேன். அதற்காகத்தான் அவள் உள்ளறையிலிருந்து வரும்வரை நிற்கவில்லை. ஓட்டலில் மூலை மேஜையாகப் பார்த்து உட்கார்ந்து, ஒரு பொங்கல் சொல்லிவிட்டு, என் கதையை நானே மூன்று முறை படித்தேன்.

ஆலையில் கை இழந்த ஒரு தொழிலாளியைப் பற்றிய கதை அது. நெஞ்சை உருக்குகிறது என்று பின்னால் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். பதினொன்று இருபதுக்கு நான் இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எந்தப் பத்தியில் இருந்திருப்பேன் என்றுகூடக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது என்று எழுதுவது இன்னும் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் வரி நன்றாக அமைந்துவிட்டது.

8

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவள் என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள், யாரோ மிஷின் ரிப்பேர் விஷயமாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே போய்விட்டாள். செவ்வந்தி இளைத்திருந்தாள். வாய் குறைந்திருந்தது. இப்போது மரவள்ளி பிடுங்கக் கூலிக்குப் போகிறாளாம். ராணியம்மாள் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். இடது கண்ணால் நேராகப் பார்ப்பதற்குத் தலையைக் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கிறது.

“ரெண்டு முழுசு, ஒண்ணு அரைன்னு அமிர்தக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப சொல்லிச்சி. நான் படுத்துகினு அதையே நெனச்சிகினு இருந்தேன். அது என் கை இல்லண்ணா. உங்க கை.”

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே தெரியும் என்றாள். அப்படியானால் மூன்று வருஷம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். மடையன் கேட்கிற கேள்வி.

“நீங்களே வருவீங்கன்னு இருந்தேன்” என்றாள்.

அப்புறம்தான் அந்த நாலு வரியைக் கேட்டாள். போலீஸுக்கு வேண்டாம், கோர்ட்டுக்கு வேண்டாம், ராணியம்மாளிடம் காட்ட மட்டும் என்றாள். எழுதித் தருகிறேன் என்றேன். அந்த நிமிஷத்தில் நிஜமாகவே எழுதித் தருவதாகத்தான் இருந்தேன். அவள் தெருமுனை திரும்புவதற்குள் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. ராணியம்மாள் தங்கதுரையிடம் கேட்பார். தங்கதுரை மற்ற எட்டுப் பேரிடம் சொல்லுவார். ஸ்க்ரூவை இறுக்காமல் போய் ஒருத்தி கண்ணைப் பிடுங்கியவன் என்று ஆகிவிட்டால் அப்புறம் எவன் மிஷினைத் தொடவிடுவான்? பயம்தான். இதற்கு வேறு பெயர் வைக்க மூளையைக் கசக்கிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆகவே கதை.

9

முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

(அ) மெக்கானிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான். ஒன்பது யூனிட்டும் அவனைக் கைவிடுகின்றன. காசில்லாமல், ஆனால் லேசான மனத்தோடு, சாயங்கால வெயிலில் நடந்து போகிறான். எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. படித்துப் பார்த்தால் அவளைக் காணோம். அவள் கண்ணை வைத்து எனக்கு மோட்சம் வாங்கியிருக்கிறேன்.

(ஆ) ராணியம்மாள் தாளும் வேண்டாம் கீளும் வேண்டாம் என்று சொல்லி, ஒரு ஹூக்கைக் கழற்றிக் கொடுத்து, வைத்துக் காட்டச் சொல்கிறார். செவ்வந்தி வைக்கிறாள். அந்த நிமிஷமே வேலை. எல்லாரும் தப்பித்தோம், முக்கியமாக நான். இந்த முடிவு நடந்துவிட வேண்டும் என்று கோயிலில் வேண்டிக்கொண்டும் வந்தேன்.

(இ) தங்கதுரை மனம் திருந்தி—

சிரிப்பு வந்துவிட்டது.

(ஈ) அவள்

10

ஒன்பது பகுதிகளும் சனிக்கிழமை முடிந்தன. நேற்று ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்ஸில் வந்தாள். தாளை எடுத்துக்கொண்டு போக வந்தவளிடம் பதினைந்து தாள் கொண்ட கட்டைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், ஒன்றையும் மறைக்கவில்லை என்றேன்.

தாள்களை இடது பக்கமாகப் பிடித்துக்கொண்டு படித்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் இருக்கிறாள், எந்த வரியில் முகம் மாறுகிறது என்று பார்த்தேன். அப்போதுகூட நல்ல பெயர் வாங்கத்தான் உட்கார்ந்திருந்தேன். ஊறுகாய் இடத்தில் சிரித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முடித்ததும் ஒரு திருத்தம் சொன்னாள். கால் சுற்று இல்லை, கால் சுற்றுக்கும் கம்மி என்றாள். பிறகு முதல் தாளுக்குத் திரும்பினாள்.

“மேல போட்டுக்கீற பேரு யாருது?”

என்னுடையதுதான், கதை எழுதுவதற்காக வைத்துக்கொண்டது என்றேன்.

“என் பேர மாத்திட்டீங்க. மொதலாளி பேர மாத்திட்டீங்க. உங்களுக்கும் வேற பேரு. இத நான் ராணியம்மாகிட்ட குடுத்தா அவங்க இன்னான்னு நெனைப்பாங்க?”

கதை என்று நினைப்பார்கள் என்றேன்.

“ஆமா” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். கட்டை அடுக்கி மேஜைமேல் வைத்தாள். பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு தாளை எடுத்தாள். நான் எழுதமாட்டேன் என்று எப்படியோ தெரிந்து அவளே எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் கையெழுத்துப் போட்டால் போதும். திங்கட்கிழமை பத்து மணி சின்னசேலம் பஸ்ஸுக்கு ஸ்டாண்டில் நிற்பேன் என்று சொல்லி, தாளை வைத்துவிட்டு எழுந்தாள். கதையை எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது திங்கட்கிழமை, ராணியம்மாள் வைத்த கெடுவின் கடைசி நாள், மணி ஒன்பது இருபது. இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம்.

முடிவை வாசகரிடம் விடுவது எங்கள் தொழிலில் மரியாதையான காரியம். நான் மரியாதைக்காக விடவில்லை. கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், நானும் நம்பிவிடுவேன், தாள் மேஜைமேலேயே கிடக்கும். போடவில்லை என்று எழுதினால் எவ்வளவு உண்மையான எழுத்து என்பீர்கள், அப்போதும் அது அங்கேயேதான் கிடக்கும். அவள் எழுதியதை எழுத்துக்கூட மாற்றாமல் கீழே எடுத்து எழுதுகிறேன். பெயர்களை மட்டும் இங்கேயும் மாற்றியிருக்கிறேன்.

‘27.5.2016 வெள்ளிக்கிழமை காலை தங்கதுரை அவர்கள் யூனிட்டில் ஏழாவது ஹெட் ஹூக் ஸ்க்ரூவை லூஸ் செய்தது நான். நான் திரும்ப டைட் செய்யவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. செவ்வந்தி அந்த ஸ்க்ரூவைத் தொடவில்லை. செவ்வந்திக்கு டைமிங் நன்றாக வைக்கத் தெரியும், என்னைவிட நன்றாக வைப்பார்.

இப்படிக்கு,